தாழ்ந்த கார்களும் பறந்த கார்களும்

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் மியூராக் என்றொரு வறண்ட ஏரி இருக்கிறது. மழை பெய்தால் அதில் மெல்லிய நீர்ப்படலம் பரவும். பாலைவனக் காற்று அந்த நீரை இக்கரைக்கும் அக்கரைக்குமாகத் தள்ளித் தள்ளித் தரையை இழைத்துவிடும். வெயில் ஏறி நீர் வற்றியதும் களிமண் இறுகி, மைல் கணக்கில் மேடுபள்ளமே இல்லாத தளமாகக் கிடக்கும். 1930களில் லாஸ் ஏஞ்சலஸ் பையன்கள் சனிக்கிழமை இரவே மலை தாண்டி அங்கே வந்துவிடுவார்கள். ஏரியோரம் போர்வையை விரித்துப் படுத்து, விடிந்ததும் வண்டியைக் கிளப்புவார்கள்.

வண்டி என்பது பெரும்பாலும் காயலான் கடையில் எடுத்த ஃபோர்டு மாடல் டி அல்லது மாடல் ஏ. பாரத்தைக் குறைக்க மட்கார்டு, முன்கண்ணாடி, ஹெட்லைட் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். 1932இல் ஃபோர்டு நிறுவனம் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. அதன் சக்தி 65 குதிரைத்திறன்தான். ஆனால் கேம்ஷாஃப்டை மாற்றி, சிலிண்டர் ஹெட்டை இழைத்து, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தினால் அது வேறு வண்டியாகிவிடும் என்பதைப் பையன்கள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். மணிக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர், அந்த ஏரியில் சாதாரணமானது.

சிக்கல் என்னவென்றால், ஏரிக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் பொதுச் சாலை. வார நாட்களில் அதே வண்டி நகரத்துக்குள்தான் நின்றது. மட்கார்டு இல்லை, சைலன்சர் இல்லை என்று போலீஸ் நிறுத்தியது. சிக்னலில் பக்கத்து வண்டியின் எஞ்சின் உறுமினால் பதிலுக்கு உறுமாமல் இருக்கப் பதினெட்டு வயதுக்குத் தெரியவில்லை. வண்டிக்காரனுக்கும் காவலனுக்கும் இடையே அன்று தொடங்கிய இழுபறி இன்றும் முடியவில்லை. இந்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் கலிஃபோர்னியா போலீஸ் கார்களைத் துரத்தியதோடு நிற்கவில்லை. அந்தக் கார்கள் எந்த வடிவம் எடுத்தன, எங்கே ஓடின என்பதையும் பாதி அதுவே தீர்மானித்தது.

1937இல் சில கிளப்புகள் கூடித் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கம் என்று ஒன்றை அமைத்தன. ஓடுகிறவர்களுக்கு விதிமுறை, வண்டிக்குச் சோதனை, நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிடக் கடிகாரம் என எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. வறண்ட ஏரியில் அந்த ஒழுங்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இராணுவத்தின் கண்ணும் அதே தளத்தின் மேல் விழுந்தது. பையன்களின் காரை ஓடவிட்ட தரை போர் விமானத்தையும் இறங்கவிடும் அல்லவா! மியூராக் முழுவதும் இராணுவத்தின் கைக்குப் போனது; இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அதுதான். ஓட்டக்காரர்கள் எல் மிராஜ் போன்ற சிறிய ஏரிகளுக்கு நகர்ந்தார்கள். ஓடுவதற்கென்று கிடைத்த இடம் கையை விட்டுப் போவது இந்தக் கதையில் அதுவே முதல்முறை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து 1945இல் இளைஞர்கள் திரும்பி வந்தபோது அவர்களிடம் இரண்டு புதிய சொத்துகள் இருந்தன. ஒன்று, கையில் கொஞ்சம் பணம். மற்றொன்று, விமான எஞ்சினையும் டாங்கியையும் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள். லாக்ஹீட், டக்ளஸ் போன்ற விமானத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களும் அந்த ஊரிலேயே இருந்தார்கள். லேத் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கார் உதிரிபாகக் கடைகளாயின. விக் எடெல்பிராக், எட் இஸ்கெண்டேரியன் போன்றவர்கள் பட்டறையில் செய்த மேனிஃபோல்டும் கேம்ஷாஃப்டும் பிறகு உலகறிந்த வியாபாரங்களாயின. இந்த வண்டிகளுக்கு ஹாட் ராடு என்ற பெயர் செய்தித்தாள்களில் ஏறியது, ஆனால் நல்ல விதமாக அல்ல. விபத்தில் சிக்கிய எந்தப் பழைய காரும் தலைப்பில் ஹாட் ராடு ஆனது. காவல் துறைத் தலைவர்கள் கண்டித்துப் பேசினார்கள், பெற்றோர் பயந்தார்கள்.

பயத்தில் நியாயம் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. மெல்லிய டயரும் கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக்கும் உள்ள வண்டியில் நூறு மைல் வேகத்தில் போகிறவன் தன்னை மட்டும் பணயம் வைக்கவில்லை.

இந்த நிலையில் ராபர்ட் பீட்டர்சன் என்ற இருபத்தொரு வயது இளைஞர் 1948 ஜனவரியில் ஹாட் ராடு என்ற பெயரிலேயே ஒரு மாத இதழைத் தொடங்கினார். விலை 25 சென்ட். அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் ஆயுதக் கிடங்கு அரங்கில் ஹாட் ராடு கண்காட்சி நடந்தது. இந்த வண்டிகளைக் கட்டுகிறவர்கள் ரவுடிகள் இல்லை, தொழில் தெரிந்தவர்கள் என்று ஊருக்குக் காட்டுவது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு இதழின் ஆசிரியராக வந்தவர் வாலி பார்க்ஸ், ஏரி ஓட்டச் சங்கத்திலிருந்து வந்தவர். அவர் 1951இல் தேசிய ஹாட் ராடு சங்கத்தை நிறுவினார். கிளப்புகள் நல்ல பெயர் எடுக்க ஏற்கெனவே ஒரு வழி வைத்திருந்தன. சாலையில் டயர் பஞ்சராகி நிற்கும் குடும்பத்தைக் கண்டால் இறங்கி உதவுவார்கள். போகும்போது, ‘உங்களுக்கு உதவியது இன்ன கிளப்பின் உறுப்பினர்’ என்று அச்சடித்த ஒரு சிறு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பின்பக்கம் தொங்கும் கிளப்பின் அலுமினியப் பலகையைப் பார்த்துப் பயந்தவர்கள் இந்த அட்டையோடு வீடு திரும்பினார்கள்.

ஆனால் அட்டையால் மட்டும் எதுவும் நடந்திருக்காது. திருப்பம் வந்தது, யாரோ ஒருவர் இடம் கொடுத்தபோது.

1949 ஏப்ரலில் சாண்டா பார்பராவுக்கு அருகில் கொலீட்டா என்ற ஊரில், மூடப்பட்ட ஒரு சாலையில், டாம் காப்ஸ் என்பவரும் ஃபிரான் ஹெர்னாண்டஸ் என்பவரும் கூட்டத்தின் முன் ஒண்டிக்கு ஒண்டி ஓட்டினார்கள், ஹெர்னாண்டஸ் வென்றார். 1950 கோடையில் சி.ஜே. ஹார்ட் என்பவர் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஆரஞ்சு கவுண்டி விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் பயன்படுத்த அனுமதி வாங்கினார். டிக்கெட் போட்டு மக்களை உள்ளே விட்டார். சாண்டா அனா டிராக்ஸ் என்று பெயர் பெற்ற அந்த ஓடுபாதையைத்தான் முதல் வணிக டிராக் ரேஸ் களமாகச் சொல்வார்கள். விதி மிக எளிது: இரண்டு வண்டி, நேர் கோடு, கால் மைல். தெருவில் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னல் வரை நடந்த அதே பந்தயம்தான். நடுவே குறுக்குத் தெருவும் நடந்து கடப்பவரும் இல்லை என்பது ஒன்றே மாற்றம்.

பொமோனா நகரத்தில் நடந்தது இன்னும் முக்கியம். அங்கே காவல் துறைத் தலைவராக இருந்தவர் ரால்ஃப் பார்க்கர். தெருப் பந்தயத்தைப் பிடித்துப் பிடித்து அலுத்த அவர், பையன்களுக்கு ஓட இடம் தேடித் தரும் பொறுப்பைத் தன் சார்ஜென்ட் பட் கூன்ஸிடம் விட்டார். ஊரின் கண்காட்சி மைதானத்தில் வாகனம் நிறுத்தும் பரந்த திடல் ஒன்று இருந்தது. 1953 ஏப்ரலில் தேசிய ஹாட் ராடு சங்கத்தின் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் அங்கேதான் நடந்தது. அத்தோடு முடியவில்லை. கூன்ஸ் போலீஸ் வேலையை விட்டுவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தார். 1954இல் அவரும் இன்னும் மூவரும் ஒரு ஸ்டேஷன் வேகனின் பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றினார்கள். டிரெய்லருக்குள் நேரம் பார்க்கும் கருவியும் ஒலிபெருக்கியும் இருந்தன. ஒவ்வொரு ஊரிலும் போலீஸையும் பையன்களையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசி, பழைய ஓடுபாதையில் களம் போடுவது எப்படி, வண்டியைச் சோதிப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். அபராத டிக்கெட் எழுதிய கையே தொடக்கக் கொடியையும் அசைத்தது. இன்று கோடிக் கணக்கில் பணம் புரளும் டிராக் ரேஸ் விளையாட்டுக்கு ஒரு போலீஸ் சார்ஜென்ட் போட்ட உழைப்பு அடித்தளத்தில் இருக்கிறது. அந்தப் பொமோனா களம் இன்றும் ஓடுகிறது.

1955இல் துறைமுகத்தை ஒட்டிய வில்மிங்டனில் லயன்ஸ் சங்கங்கள் சேர்ந்து ஒரு களம் கட்டின. முதல் மேலாளர் பின்னாளில் வேக சாதனைகளால் பெயர் பெற்ற மிக்கி தாம்ப்சன். பையன்களைத் தெருவிலிருந்து அகற்றுவதே களம் கட்டியதன் நோக்கம்.

இதே ஆண்டுகளில், இதே நகரத்தில், எதிர்த் திசையில் ஒரு கலை வளர்ந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பலருக்கு வேகத்தில் ஆசை இல்லை. அவர்கள் காரைத் தாழ்த்தினார்கள். டிக்கியில் மணல் மூட்டையைப் போட்டார்கள். ஸ்பிரிங் சுருளை வெட்டினார்கள், அல்லது சூடுகாட்டி அமுக்கினார்கள். தரையைத் தொட்டுவிடும் உயரத்தில், பளபளக்கும் பெயிண்டோடு, விட்டியர் பூலவார்டில் நடை வேகத்தில் மிதந்து போவார்கள். குடும்பமாகப் போவதும் உண்டு. ஞாயிறு மாலை அந்தச் சாலை அவர்களுடைய தேரோடும் வீதி. இவை லோரைடர்கள்.

சாலைப் பாதுகாப்பு என்று பேசினால், மெதுவாகப் போகிற கார் யாருக்கு என்ன தீங்கு செய்தது? ஆனாலும் மாநிலச் சட்டமன்றம் 1950களின் கடைசியில் வாகனச் சட்டத்தில் 24008ஆம் பிரிவைச் சேர்த்தது. சக்கரத்தின் இரும்பு ரிம்முடைய அடிவிளிம்பை விடக் காரின் எந்தப் பாகமும் கீழே இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். டயரில் காற்று போய் ரிம் தரையில் உட்கார்ந்தாலும் வண்டியின் அடிவயிறு தரையைத் தட்டக் கூடாது என்ற தொழில்நுட்ப நியாயம் அதற்கு உண்டு. ஆனால் நடைமுறையில் அந்த விதி யாரை நிறுத்தியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. காவலர் காரை ஓரம் கட்டச் சொல்லி, குனிந்து ரிம்மைப் பார்ப்பார். காரில் குறை இல்லாவிட்டாலும் நிறுத்திய பிறகு கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது.

சான் பெர்னார்டினோ பகுதியைச் சேர்ந்த ரான் அகிரே என்ற இளைஞர் இப்படி மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர். அவரிடம் இருந்தது எக்ஸ்-சோனிக் என்று பெயர் சூட்டிய கார்வெட் கார். கண்காட்சியில் அது தாழ்ந்து நிற்க வேண்டும். சாலையில் சட்டம் சொல்லும் உயரத்தில் போக வேண்டும். இரண்டும் ஒரே காரில் எப்படி? போர் முடிந்ததும் விமான உதிரிபாகங்கள் பழைய சாமான் கடைகளில் மலிந்து கிடந்தன. இறக்கையின் மடல்களை அசைக்கும் எண்ணெய் பம்பும் சிலிண்டரும் அவற்றில் இருந்தன. தந்தையின் துணையோடு அகிரே அவற்றைக் காரில் பூட்டினார்.

வேலை செய்யும் விதம் இது. டிக்கிக்குள் ஒரு மின்சாரப் பம்ப். அதற்குச் சக்தி கொடுக்க பேட்டரி. பம்பிலிருந்து அழுத்தக் குழாய்கள் சக்கரங்களின் பக்கம் உள்ள சிலிண்டர்களுக்குப் போகும். ஓட்டுநர் டாஷ்போர்டின் கீழே உள்ள சுவிட்சைத் தட்டினால் எண்ணெய் சிலிண்டருக்குள் பாயும், பிஸ்டன் நீளும், காரின் உடல் ஸ்பிரிங்கின் மேல் எழும். எதிர்ப்பக்கம் தட்டினால் வால்வு திறந்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும்; கார் பெருமூச்சோடு அமரும். கண்ணாடியில் போலீஸ் வண்டி தெரிந்தால் சில நொடிகளில் சட்டப்படியான கார். அது திருப்பத்தில் மறைந்ததும் மறுபடி லோரைடர். தாழக் கூடாது என்ற ஒரு விதியிலிருந்து ஏறி இறங்கும் கார் என்ற ஒரு கண்டுபிடிப்பு பிறந்தது. ஒற்றைச் சக்கரம் தூக்கி நிற்பது, சிக்னலில் குதிப்பது என்று பின்னாளில் உலகம் திரையில் பார்த்து வியந்த எல்லாம் அந்த டிக்கெட்டுக்கு எழுதிய பதில்கள்தான். 1958 முதல் 1964 வரை வந்த ஷெவர்லே இம்பாலாக்களின் அடிச்சட்டம் எக்ஸ் வடிவில் இருந்ததால் தாழ்த்துவதற்குத் தோதாக அமைந்தது. அந்த மாடல்கள் இன்றும் லோரைடர் உலகின் ராஜாக்கள்.

விட்டியர் பூலவார்டில் காரோட்டிக்கும் காவலுக்கும் நடுவே இருந்தது கார் மட்டும் இல்லை. 1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போரை எதிர்த்து மெக்சிகோ வம்சாவளி மக்கள் நடத்திய பெரும் பேரணி கலவரத்தில் முடிந்தது. அன்று மாலை அந்தச் சாலையில் இருந்த சில்வர் டாலர் என்ற மதுக்கடைக்குள் ஷெரிஃப் துறைக் காவலர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு, ரூபன் சலாசர் என்ற பத்திரிகையாளர் இறந்தார். அந்த நினைவை வைத்துக்கொண்டுதான் அந்தச் சமூகம் ஒவ்வொரு வாரமும் அதே சாலையில் காவலரைக் கடந்து காரோட்டியது. 1979இல் வார இறுதி உலாக்களுக்கு அந்தச் சாலையே அடைக்கப்பட்டது.

அதற்குள் லோரைடர் கலை நாடறிந்ததாகிவிட்டது. இம்பீரியல்ஸ் கிளப்பின் ஜெஸ்ஸி வலாடெஸ் ரோஜா நிறத்தில், ரோஜாப் பூக்கள் வரைந்து கட்டிய 1964 மாடல் இம்பாலாவுக்கு ஜிப்ஸி ரோஸ் என்று பெயர். 1974இல் தொடங்கிய சிகோ அண்ட் தி மேன் என்ற தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் அது வாராவாரம் வீடுகளுக்குள் வந்துபோனது. 1977இல் சான் ஹோசேயில் லோரைடர் என்ற பெயரிலேயே இதழ் தொடங்கியது. அந்த சான் ஹோசே நகரமே 1986இல் காரில் உலா போவதைத் தடைசெய்தது. 1988இல் சாக்ரமென்டோ, 1992இல் சான் டியேகோவை ஒட்டிய நேஷனல் சிட்டி என்று தடை பரவியது.

இந்தத் தடைகள் உலாவை எப்படி வரையறுத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நெரிசலான சாலையில் போலீஸ் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளும். அதை ஒரு கார் கடக்கும்போது ஓட்டுநரிடம் எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுக்கலாம். குறிப்பிட்ட நேரத்துக்குள் அதே கார் அதே புள்ளியை மறுபடி கடந்தால் குற்றம். வேகம் கூடவில்லை, சத்தம் போடவில்லை, சிக்னலை மீறவில்லை. ஒரே தெருவில் இரண்டாம் முறை வந்ததுதான் தவறு. போக்குவரத்து நெரிசலும் கும்பல் வன்முறை பற்றிய அச்சமும் காரணமாகச் சொல்லப்பட்டன. நெரிசல் உண்மைதான். ஆனால் கால்பந்து ஆட்டம் முடிந்து ஊரே காரில் திரும்பும் நெரிசலுக்கு யாரும் இப்படி ஒரு சட்டம் எழுதவில்லை.

பந்தயக்காரர்கள் பக்கத்துக்குத் திரும்பினால், தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் வில்லி ராபின்சன் என்ற மனிதர் நிற்கிறார். ஆறரை அடி உயரம், பாடிபில்டர் உடம்பு, தலையில் தொப்பி. ஊர் அவரைப் பிக் வில்லி என்றே அறிந்தது. 1965இல் வாட்ஸ் கலவரம் நகரத்தை எரித்த பிறகு, தெருப் பந்தயங்களில் கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ வம்சாவளியினர் எல்லாரும் தகராறில்லாமல் கூடுவதைக் காவல் துறையில் சிலர் கவனித்தார்கள். அந்தக் கூட்டத்தை அடக்க முடிந்தவர் வில்லி ஒருவர்தான் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. வில்லி தெருப் பந்தயக்காரர் சகோதரத்துவம் என்று ஓர் அமைப்பைக் கட்டினார். வண்டியில் எஞ்சின் என்ன என்று கேட்டார்களே தவிர, ஓட்டுகிறவன் எந்தத் தெரு, எந்த நிறம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 1971இல் வெளியான டூ லேன் பிளாக்டாப் என்ற திரைப்படத்தின் தொடக்கத்தில் அந்த அமைப்பின் பந்தயக்காரர்களைப் பார்க்கலாம்.

வில்லி கேட்டது ஒன்றே ஒன்று: இடம். 1974இல் துறைமுகத்தின் டெர்மினல் தீவில் அவருக்கு ஒரு நிலம் கிடைத்தது. நகர மேயர் டாம் பிராட்லியும் பின்னால் நின்றார். எதை ஓட்டி வந்தாலும் ஓடலாம் என்ற களம் அது. அம்மாவின் குடும்பக் காரோடு வந்தவனும் வரிசையில் நின்றான். வில்லியும் மனைவி டொமிகோவும் டாட்ஜ் டேடோனா கார்களில் தாங்களே ஓடினார்கள். ஆனால் நிலம் துறைமுகத்துக்குச் சொந்தம். களம் மூடும், வில்லி நகரமன்றத்தில் போய் வாதாடுவார், மறுபடி திறக்கும். 1992இல் நகரத்தில் மீண்டும் கலவரம் வெடித்த பிறகும் இதே கோரிக்கையோடு நின்று மறுபடி திறக்கவைத்தார். 1995இல் துறைமுகம் தன் வேலைக்காக நிலத்தை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. 2012இல் இறக்கும்வரை வில்லி மாற்று இடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நகரம் அவருக்குச் செய்த அநீதி அது. துப்பாக்கியும் லத்தியும் இல்லாமல் அமைதி காத்த ஒரு மனிதரைக் கையில் வைத்துக்கொண்டு, அவரைக் கைவிட்டது.

மற்ற களங்களும் ஒவ்வொன்றாகப் போயின. சாண்டா அனா 1959இல் மூடியது. வில்மிங்டனின் லயன்ஸ் களத்தில் 1972 டிசம்பர் 2 அன்று கடைசி ஓட்டம் நடந்தது. சுற்றிலும் வீடுகள் வந்ததும் சத்தம் பற்றிப் புகார்கள் குவிந்தன. ஆரஞ்சு கவுண்டி சர்வதேசக் களம் 1983இலும் கார்ல்ஸ்பாட் 2004இலும் பாம்டேலில் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி களம் 2007இலும் போயின. நில விலை ஏறியபோது, ஞாயிறு மட்டும் பணம் பார்க்கும் நீண்ட தார்ப்பாதையை யார் வைத்துக்கொள்வார்கள்?

களங்கள் குறைய, சட்டங்கள் கூடின. 1967இல் காற்றுத் தூய்மை வாரியத்தை மாநிலம் அமைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிய காலம் அது. எஞ்சினைத் தொடுகிறவன் ஊர் மூச்சையும் தொடுகிறான் என்ற வாதத்தை மறுக்க முடியாது. வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு, புகைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும் மாற்றங்களைத் தடைசெய்தது. சந்தையில் விற்கும் உதிரிபாகத்துக்கு வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். 1990களில் ஹோண்டா சிவிக் போன்ற ஜப்பானியக் கார்களை எடுத்துக் கட்டிய புதிய தலைமுறை வந்தது. அதில் ஆசிய வம்சாவளிப் பையன்கள் நிறையப் பேர். அவர்களை நிறுத்திய காவலர் ரிம்மைப் பார்க்கவில்லை, பானெட்டைத் திறக்கச் சொன்னார். காற்று வடிகட்டியிலும் டர்போவிலும் அனுமதி எண் ஒட்டப்படவில்லை என்றால், மாநிலம் நியமித்த பரிசோதகரிடம் காரைக் கொண்டுபோய்க் காட்டி, பழைய நிலைக்கு மாற்றியதாகச் சான்று வாங்க வேண்டும். பையன்கள் கம்பெனி பாகங்களைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் பத்திரமாக வைத்தார்கள். பரிசோதனைக்கு முன்தினம் அவற்றைப் பூட்டி, சான்று வந்த மறுநாள் மறுபடி கழற்றினார்கள்.

2001இல் வந்த தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ் இந்த உலகத்தை உலகுக்குக் காட்டியது. வைப் இதழில் நியூயார்க் பந்தயக்காரர்களைப் பற்றி 1998இல் வந்த கட்டுரைதான் அதற்கு வித்து. படமோ லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. சட்டம் இன்னும் இறுகியது. தெருப் பந்தயத்துக்கான 23109ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கே 24 மணி நேரம் முதல் 90 நாள் வரை சிறையும் 355 முதல் 1,000 டாலர் வரை அபராதமும் உண்டு. காரை 30 நாள் பறிமுதல் செய்து வைக்கலாம். பல நகரங்கள், 200 அடிக்குள் நின்று பார்த்தவரையும் குற்றவாளியாக்கும் உள்ளூர் விதிகளை எழுதின. சான் டியேகோவில் வேறு முயற்சியும் நடந்தது. ரேஸ் லீகல் என்ற திட்டத்தில் நகர விளையாட்டரங்கின் வாகனத் திடலைத் திறந்து, எட்டில் ஒரு மைல் தூரத்துக்கு ஓடவிட்டார்கள். பொமோனாவில் 1953இல் செய்ததை, ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, பாதித் தூரத்துக்குச் செய்தார்கள்.

ஓக்லாந்தில் கிளைத்தது வேறு வகை. 1980களில் ஈஸ்ட்மான்ட் மால் வாகனத் திடலில் காரைச் சுழற்றிக் காட்டும் கூட்டங்கள் தொடங்கின. சைட்ஷோ என்று பெயர். திடலிலிருந்து விரட்டினார்கள், கூட்டம் தெருச் சந்திப்புக்கு வந்தது. 2002இல் அங்கே ஓர் இளம்பெண் இதனால் உயிரிழந்தார். அவர் பெயரிலேயே, வண்டியைப் பறிமுதல் செய்யும் சட்டம் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2000க்கும் 2017க்கும் இடையே தெருப் பந்தயத்தோடு தொடர்புள்ளவை எனச் சந்தேகிக்கப்படும் விபத்துகளில் குறைந்தது 179 பேர் இறந்ததாக லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் கணக்கெடுத்தது. இறந்தவர்களில் பந்தயத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. சட்டம் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் லோரைடர்களின் கணக்கு வேறு என்பதைச் சட்டமன்றமும் கடைசியில் ஒப்புக்கொண்டது. தாத்தாக்களும் பேத்திகளும் நகரமன்றங்களில் போய்ப் பேசினார்கள். ஜிப்ஸி ரோஸ் 2017இல் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறி, வாஷிங்டன் நகரின் நடுத் திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. நாட்டின் தலைநகரில் காட்சிக்கு வைத்த காரை ஊர்த் தெருவில் ஓட்டினால் டிக்கெட் என்பது எப்படிச் சரியாகும்? சான் ஹோசேயும் சாக்ரமென்டோவும் 2022இல் தடையை நீக்கின. நேஷனல் சிட்டி 2023இல். அந்த ஆண்டு அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்ட ஏபி 436 என்ற சட்டம், 2024 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுதும் உலாத் தடைகளை ஒழித்தது. ரிம் விதியும் அத்தோடு போனது.

வேகத்தின் பக்கம் அப்படி எதுவும் நடக்கவில்லை. சைட்ஷோ ஓட்டியவரின் உரிமத்தை ஆறு மாதம் வரை நிறுத்தி வைக்க நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தரும் சட்டம் 2021இல் நிறைவேறி, 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 2024 டிசம்பரில், லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இர்விண்டேல் ரேஸ் களம் மூடியது. சாதாரணக் காரோடு வந்து சில டாலர் கட்டி எட்டில் ஒரு மைல் ஓடிப் பார்க்க அங்கே ஒரு பாதை இருந்தது. தெருவில் ஓடாதே என்று பையனிடம் சொல்கிற காவலர், ‘இங்கே போய் ஓடு’ என்று கைகாட்ட நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த இடம் அது. கால் மைல் முழுதாக ஓட பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே ஃபமோசோவும் இருக்கிறது. போர்க்கால விமானப் பாதையில் அமைந்த அந்தக் களத்தில்தான் 1959இல் ஸ்மோக்கர்ஸ் என்ற உள்ளூர்க் கிளப் தன் பெரும் பந்தயத்தைத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அது நூறு மைலுக்கும் மேல்.